எண் எந்த விதத்தில் தவறுகிறது? மணிக்கட்டு டிராக்கரின் இதயத் துடிப்புப் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

உடற்பயிற்சியின்போது மணிக்கட்டு டிராக்கர் காட்டும் இதயத் துடிப்பு நம்பும்படி இல்லை என்று தோன்றினால், பெரும்பாலோர் முதலில் கருவியை அணைத்துப் போடுகிறார்கள், பிறகு மென்பொருளைப் புதுப்பிக்கிறார்கள். இவற்றால் பிழை நீங்குவது அரிது. எண் கூடுதலாக வருகிறதா, குறைவாக வருகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா, தாமதமாக ஏறுகிறதா, இடையிடையே மறைந்து போகிறதா என்பதைப் பயிற்சிக்குப் பின் வரைபடத்தில் பார்த்தால், காரணத்தைப் பெரும்பாலும் அதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கீழே உள்ளவற்றில் உங்கள் வரைபடத்துக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் படித்தால் போதும். ஆனால் முதல் இரண்டு பகுதிகளைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

கருவி உண்மையில் எதை அளக்கிறது

கருவியின் அடிப்பக்கத்தில் மின்னும் பச்சை விளக்குகள் தோலுக்குள் ஒளியைச் செலுத்துகின்றன. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும் தன்மை கொண்டது; ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் உள்ள நுண்ணிய குழாய்களில் ரத்தம் பெருகும் கணத்தில் திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது, அடுத்த கணம் மீண்டும் கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைச் சென்சார் பதிவு செய்ய, அதிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது. ஃபோட்டோபிளெதிஸ்மோகிராஃபி என்ற இம்முறை புதியதன்று. 1930களிலேயே ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

துடிப்பினால் ஏற்படும் மாற்றம், திரும்பி வரும் மொத்த ஒளியில் மிகச் சிறிய பங்குதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கை வீசும்போது கருவி தோலின்மேல் சற்றே நகர்ந்தாலும், இடைவெளி வழியாக வெளிச்சம் புகுந்தாலும், அந்த மாற்றம் துடிப்பின் மாற்றத்தைவிடப் பெரிதாக இருந்துவிடும். கருவிக்குள் இருக்கும் அசைவுமானி கையின் அசைவைத் தனியாக அளந்து கொடுக்க, மென்பொருள் அதை ஒளிச் சமிக்ஞையிலிருந்து கழித்துவிட்டு மிஞ்சுவதைத் துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. இந்தக் கழித்தல் கணக்கு பொய்க்கும் இடங்களில்தான் கீழே வரும் பிழைகளில் பாதி பிறக்கின்றன.

மார்புப் பட்டை செய்வது வேறு வேலை. அது இதயத்தின் மின் சமிக்ஞையை நேரடியாக எடுக்கிறது. 1982இல் ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லா இதயத் துடிப்புமானியை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து ஓட்டக்காரர்கள் நம்பி வரும் முறை அது. மணிக்கட்டு எண்ணைச் சரிபார்க்க வீட்டில் கிடைக்கக்கூடிய சிறந்த அளவுகோலும் அதுவே.

எதையும் மாற்றுவதற்கு முன்: பிழை கருவியிலா, உங்கள் எதிர்பார்ப்பிலா?

மார்புப் பட்டை இல்லாதவர்கள் விரலால் நாடி பார்க்கலாம். கருவி கட்டாத கையின் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மென்மையாக வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். கட்டைவிரலுக்குச் சொந்த நாடி இருப்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. கழுத்தில் பார்ப்பவர்கள் ஒரு பக்கத்தில் மட்டும், அழுத்தாமல் தொட வேண்டும். அழுத்தினால் துடிப்பே குறைந்துவிடும். ஒரு துடிப்பை விட்டுவிட்டால் விடையில் நான்கு குறையும் என்பதால், ஐந்துக்குள் வரும் வேறுபாட்டைப் பிழையாகக் கருத வேண்டியதில்லை.

இந்தச் சோதனையில் ஒரு கண்ணி இருக்கிறது, பலர் அதில் சிக்குகிறார்கள். நாடி பார்க்க நீங்கள் நின்றதும் கை அசைவும் நின்றுவிடுகிறது. அசைவு நின்றதும் கருவிக்குத் தெளிவான சமிக்ஞை கிடைத்து, எண் தானாகச் சரியாகிவிடுகிறது. விரல் எண்ணிக்கையும் கருவி எண்ணும் ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டுக் கருவி சரிதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆகவே நிற்பதற்கு முந்தைய எண்ணையும், நின்று பத்து விநாடிக்குப் பிந்தைய எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நின்றவுடன் இதயத் துடிப்பு குறைவது இயல்புதான், ஆனால் அது சரிவாக இறங்கும். பத்து விநாடியில் முப்பது, நாற்பது துடிப்பு செங்குத்தாக விழுந்தால், விழுந்தது இதயத் துடிப்பன்று, பிழைதான்.

அறிகுறி: மெதுவாகத்தான் ஓடுகிறேன், ஆனால் 165, 170, 175 என்று காட்டி அங்கேயே நிற்கிறது

ஓடுபவர்கள் மிக அதிகமாகச் சந்திக்கும் பிழை இது. ஓடும்போது பலர் நிமிடத்துக்கு 150 முதல் 180 அடிகள் வரை எடுத்து வைக்கிறார்கள். கடினமாக ஓடும்போது வரும் இதயத் துடிப்பின் எல்லையும் ஏறத்தாழ அதேதான். தோலின்மேல் குலுங்கும் கருவிக்கு அடியின் தாளம் பலமாகவும் நாடியின் தாளம் மெலிதாகவும் தெரிவதால், அது அடியை எண்ணத் தொடங்கிவிடுகிறது. ஓட்டக்காரர்கள் இதைக் கேடன்ஸ் லாக் என்பார்கள்; கேடன்ஸ் என்பது நிமிடத்துக்கு எடுத்து வைக்கும் அடிகளின் எண்ணிக்கை. உண்மையான துடிப்பு அடியின் எண்ணிக்கைக்கு அருகிலேயே வந்துவிட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகும்: இரண்டு தாளங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுவதால், அசைவைக் கழிக்கப்போன மென்பொருள் துடிப்பையும் சேர்த்துக் கழித்துவிடக்கூடும்.

என் பதிவு ஒன்றில் இதைத் தெளிவாகப் பார்த்தேன். குளிர்ந்த விடியற்காலை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம், மூச்சு வாங்கவில்லை, ஆனால் திரையில் 171. வீட்டுக்கு வந்து துடிப்பு வரைபடத்தின்மேல் கேடன்ஸ் வரைபடத்தை ஏற்றிப் பார்த்தபோது, முதல் ஒன்பது நிமிடங்களுக்கு இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே சென்றிருந்தன. சாலையைக் கடப்பதற்காக நான் நின்ற இடத்தில் 171 என்பது 128 ஆகச் செங்குத்தாக விழுந்திருந்தது. மீண்டும் ஓடத் தொடங்கியதும் 134இலிருந்து மெல்ல ஏறி, பிறகு இறுதிவரை ஒழுங்காகச் சென்றிருந்தது. கருவி பழுதாகவில்லை, சற்றுத் தளர்வாகக் கட்டியிருந்தேன், தோல் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஓடும்போதே உறுதிசெய்துகொள்ள ஒரு வழி உண்டு. வேகத்தை மாற்றாமல், ஒரு நிமிடத்துக்கு மட்டும் அடிகளைச் சிறிதாக்கி வேகவேகமாக எடுத்து வையுங்கள். துடிப்பு எண்ணும் அடியோடு சேர்ந்து உடனே எகிறினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

நீக்கும் வழி இந்த வரிசையில் அமையட்டும். முதலில், மணிக்கட்டில் துருத்தும் எலும்பிலிருந்து இரண்டு விரல் அகலம் மேலே, முழங்கைப் பக்கமாகக் கருவியை நகர்த்துங்கள். அங்கே சதை அதிகம், எலும்பும் தசைநாணும் புடைப்பது குறைவு. அடுத்து, பட்டையை ஒரு துளை இறுக்குங்கள். கருவியைப் பிடித்து லேசாகத் தள்ளினால் அது தோலின்மேல் வழுக்காமல், தோலையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதுதான் போதுமான இறுக்கம். கை மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கினால் தோலுக்கு வரும் ரத்தமே தடைப்பட்டு, அளக்க வேண்டிய பொருள் இல்லாமல் போய்விடும். ஓட்டத்தின் நடுவே பிழை பிடித்துக்கொண்டால், இருபது முப்பது விநாடி நின்று கையை அசைக்காமல் வைத்திருங்கள். கருவி உண்மையான துடிப்பை மறுபடி கண்டுபிடித்த பிறகு ஓட்டத்தைத் தொடரலாம். இவை எதுவும் பலிக்காவிட்டால் மற்ற கைக்கு மாற்றிப் பாருங்கள். இடது கையில் தொடர்ந்து தவறுவது வலது கையில் சரியாக இருப்பதை நானே கண்டிருக்கிறேன். இரண்டு கைகளும் ஒரே மாதிரி வீசுவதில்லை.

அறிகுறி: முதல் ஐந்து, பத்து நிமிடங்கள் மட்டும் தவறு, பிறகு சரியாகிவிடுகிறது

குளிர்ந்த தோலில் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும். உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு அது. ஆனால் சென்சாருக்குத் தெரியும் ஏற்ற இறக்கம் அதனால் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உடல் சூடேறி வியர்க்கத் தொடங்கியதும் குழாய்கள் விரிகின்றன, எண்ணும் நேராகிறது. எனவே கருவியைப் பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன்பே கட்டிக்கொள்ளுங்கள். குளிரான சூழலில் சட்டையின் கை அதை மூடியிருக்கட்டும். பயிற்சிப் பக்கத்தைத் திறந்து, எண் நிலைப்பட்ட பிறகே தொடக்கப் பொத்தானை அழுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் கைகளை வீசி நடந்துவிட்டு ஓடத் தொடங்குவதே இதற்கெல்லாம் மேலான மருந்து.

ஓட்டம் தொடங்கியதும் உண்மையான துடிப்பே நிலைக்கு வர ஓரிரு நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்த மெதுவான ஏற்றத்தைப் பிழை என்று எண்ணிவிட வேண்டாம். மார்புப் பட்டையிலும் இதே மாதிரித் தொடக்கக் கோளாறு வருவதுண்டு. வியர்வை வராத உலர்ந்த தோலில் மின்முனைகள் ஒட்டாமல், 200க்கு மேல் அபத்தமான எண்கள் தோன்றும். மின்முனைகளை நீரால் நனைத்துக் கட்டினால் தீர்ந்துவிடும்.

அறிகுறி: மூச்சு இரைக்கிறது, ஆனால் 80 அல்லது 85 என்று காட்டுகிறது

உண்மையில் 160 இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ அதன் பாதி தெரிந்தால், இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒரு கை முன்னும் பின்னும் ஒருமுறை முழுதாக வீசி முடிக்க இரண்டு அடிகள் ஆகின்றன. ஆகவே 170 அடி எடுத்து வைப்பவரின் கைவீச்சு 85 தான், கருவி அந்தத் தாளத்தில் மாட்டிக்கொண்டிருக்கலாம். மற்றொன்று, மெலிந்த சமிக்ஞையில் ஒன்றுவிட்டு ஒரு துடிப்பு தவறிப்போவது. இரண்டுக்கும் மேலே சொன்ன இடமாற்றமும் இறுக்கமுமே தீர்வு. டிரெட்மில்லின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடப்பவர்களுக்கும் எண் குறைவாக வருவதுண்டு. அவர்கள் கையை விட்டு நடந்து பார்க்கட்டும்.

அறிகுறி: எடை தூக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் மிகக் குறைவாக வருகிறது

கையை இறுகப் பற்றும்போது முன்கைத் தசைகள் விறைத்து, மணிக்கட்டில் உள்ள தசைநாண்கள் புடைத்து, கருவியைத் தோலிலிருந்து தூக்கிவிடுகின்றன. கூடவே அந்த இடத்தின் ரத்த ஓட்டமும் மாறுகிறது. டம்பெல்லைப் பிடித்து ஒருமுறை மணிக்கட்டை மடக்கி, பட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். கருவியின் ஒரு விளிம்பு மேலெழுவதை விரலாலேயே உணரலாம். அசைவுமானியாலும் இங்கே பெரிய உதவி கிடையாது, ஏனென்றால் ஓட்டத்தில் இருப்பதுபோல் கழிப்பதற்கு ஒரு சீரான தாளமே இல்லை.

இந்த அறிகுறியைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது: பளு தூக்கும் பயிற்சியில் மணிக்கட்டு எண்ணைச் சரிசெய்ய நேரம் செலவிட வேண்டாம். செட்டுகளுக்கு இடையே கையைத் தொங்கவிட்டு ஓய்வெடுக்கும்போது வரும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். தொடர்ச்சியான பதிவு வேண்டுமென்றால், மேற்கையில் கட்டும் ஒளிப் பட்டையோ மார்புப் பட்டையோ வாங்குவது நல்லது. புளூடூத் வழியாக அவற்றை ஏற்றுக்கொள்ளும் டிராக்கர்கள் பல உண்டு. மேற்கையில் சதை அதிகம், அசைவு குறைவு என்பதால் அதே ஒளி முறை அங்கே மணிக்கட்டைவிட நன்றாக வேலை செய்கிறது.

சைக்கிளில் பற்றுதலோடு சாலையின் அதிர்வும் சேர்கிறது. ஹேண்டில்பாரில் மணிக்கட்டு பின்னால் மடங்கும்போது புறங்கை கருவியை இடிக்காதபடி அதை இன்னும் மேலே ஏற்றிக் கட்டினால் ஓரளவு சீராகும். நிலையான சைக்கிளில் கையைத் தளர்த்தி வைத்து மிதித்தால் மணிக்கட்டு எண் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை வைத்தே உங்கள் கருவி அடிப்படையில் சரியாக இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: விரைவோட்ட இடைவெளிப் பயிற்சியில் எண் பின்தங்கி வருகிறது

முப்பது விநாடி பாய்ந்து ஓடி, ஒரு நிமிடம் நடக்கும்போது, உச்ச எண் நடக்கத் தொடங்கிய பின்புதான் தோன்றும். இதில் ஒரு பகுதி கருவியின் குற்றமே அன்று. இதயமே உழைப்புக்குச் சற்றுப் பின்னால்தான் ஏறுகிறது. அதன்மேல், மென்பொருள் பல விநாடிச் சமிக்ஞையைச் சராசரி எடுத்துத் திரையில் காட்டுவதால் மேலும் தாமதம் ஏற்பட்டு, உண்மையான உச்சமும் மழுங்கிவிடுகிறது. அமைப்புகளில் எதை மாற்றினாலும் இது முழுமையாகத் தீராது. குறுகிய பாய்ச்சல்களை வேகத்தையோ உழைப்பின் உணர்வையோ வைத்து நடத்துங்கள். மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட சுற்றுகளில், கடைசி ஒரு நிமிட எண்ணை நம்பலாம்.

அறிகுறி: எண்ணுக்குப் பதிலாகச் சிறு கோடுகள் மட்டும் தெரிகின்றன, அல்லது வரைபடத்தில் ஓட்டைகள் விழுகின்றன

சென்சார்க் கண்ணாடியில் காய்ந்த வியர்வையும் சன்ஸ்கிரீனும் படிந்து ஒரு படலம் உருவாகியிருக்கும். ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். மணிக்கட்டில் அடர்ந்த பச்சை குத்தியிருந்தால் மை ஒளியை மறித்துவிடும், பச்சை இல்லாத இடத்துக்குக் கருவியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. நீந்தும்போது தோலுக்கும் கண்ணாடிக்கும் இடையே நீர் புகுந்து வெளியேறுவதால் ஓட்டைகள் விழும். பட்டையை இறுக்கினால் குறையும், மறையாது. ஓட்டைகள் சீரான இடைவெளியில் விழுந்தால் மட்டும் அமைப்புகளைப் பாருங்கள்: பேட்டரி சேமிப்பு நிலை இயங்குகிறதா, பயிற்சிப் பதிவைத் தொடங்காமலேயே ஓடினீர்களா என்று. பயிற்சி நிலையில் இல்லாத கருவி இடைவிட்டுத்தான் அளக்கும்.

தோலின் நிறம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதால் சந்தேகத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெவ்வேறு தோல் நிறம் கொண்ட 53 பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஓய்வில் இருந்ததைவிடச் செயல்பாட்டின்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியிருந்தது. ஆகவே கருத்த தோல் உடையவர்களும் முதலில் பார்க்க வேண்டியது பட்டையையும் அசைவையுமே.

அறிகுறி: எண் சரி, ஆனால் எப்போதும் சிவப்பு மண்டலத்தில் இருக்கிறேன் என்கிறது

இங்கே சென்சார் நிரபராதி. உழைப்பின் கடுமையைக் காட்டும் மண்டலங்களைக் கருவி உங்கள் உச்சத் துடிப்பிலிருந்து பிரிக்கிறது; உச்சத் துடிப்பைப் பெரும்பாலும் 220இலிருந்து வயதைக் கழித்துப் போட்டுக்கொள்கிறது. 2001இல் டனாகாவும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த சூத்திரப்படி, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும். 65 வயதுக்காரருக்கு முதல் கணக்கு 155 என்றும் இரண்டாவது ஏறத்தாழ 162 என்றும் சொல்லும். இரண்டுமே சராசரிகள், ஒரே வயதுடைய இருவரின் உச்சம் பத்து, பதினைந்து துடிப்பு வேறுபடுவது சாதாரணம். அமைப்புகளில் பிறந்த ஆண்டு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு கடின ஓட்டங்களில் நீங்கள் உண்மையில் தொட்ட உச்சத்தை அங்கே கையால் பதிவு செய்யுங்கள்.

கலோரி எண்ணை வைத்துக் கருவியை எடை போட வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகளின் இதயத் துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. எரிந்த ஆற்றலைக் கணிப்பதிலோ, மிகச் சிறந்த கருவியே 27 சதவீதம் தவறியது.

அறிகுறி: எல்லாம் செய்தும் எண் தாறுமாறாகவே இருக்கிறது, விரலுக்கும் அப்படியே தெரிகிறது

அமைதியாக உட்கார்ந்து ஒரு முழு நிமிடம் நாடி பாருங்கள். துடிப்புகளுக்கு இடையேயான இடைவெளி ஒழுங்கில்லாமல் மாறிக்கொண்டே இருந்தால், கருவி பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற தாளக் கோளாறுகளில் சில துடிப்புகள் மணிக்கட்டை எட்டும் அளவுக்கு ரத்தத்தைத் தள்ளுவதில்லை. அதனால் மணிக்கட்டு எண் உண்மையான துடிப்பைவிடக் குறைவாகவும் வரும். இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து உட்கொள்பவர்களுக்கு எவ்வளவு ஓடினாலும் எண் அதிகம் ஏறாமல் இருப்பது மருந்தின் விளைவு. அவர்களுக்குச் சூத்திர மண்டலங்கள் பொருந்தா.

ஒழுங்கற்ற நாடி தெரிந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். கருவியின் வரைபடத்தோடு, எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது, விரலால் எண்ணி எத்தனை வந்தது என்று எழுதிய தாளும், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். நெஞ்சு வலியோ மயக்கமோ கடும் மூச்சுத்திணறலோ கூட வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, எண் என்ன காட்டினாலும் பொருட்படுத்தாமல் உடனே அவசர உதவியை நாடுங்கள்.